குதிரைக்குத் தொண்ணூற்றாறு மார்க்

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு மாட்டுத்தீவனத் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே மக்காச்சோளம் ஏற்றி வரும் லாரிக்காரர்கள் முதலாளிக்குக்கூட அவ்வளவாகப் பயப்படுவதில்லை. வாசலில் குத்தூசியோடு நிற்கும் உமாதேவிக்குத்தான் பயப்படுவார்கள். சாக்கின் வயிற்றில் குத்தூசியைச் செருகி உருவினால் ஐந்தாறு மணி வந்து விழும். அதில் ஒன்றைக் கடைவாயில் வைத்து நறுக்கென்று கடிப்பாள். "பதினாலரை" என்பாள். அப்புறம் ஈரம் பார்க்கும் மெஷினில் போட்டால் அதுவும் பதினாலரை என்றுதான் சொல்லும். மெஷின் வந்து ஆறு வருஷம் ஆகிறது, உமாதேவி வந்து இருபத்திரண்டு வருஷம். மெஷின் பழுதானால் வேலை நடக்கும். அவள் லீவு போட்டால் லாரிகள் ரிங்ரோடு வரைக்கும் வரிசை கட்டி நிற்கும்.

சில வியாபாரிகள் ரொம்பக் கெட்டிக்காரர்கள். ஒரே அம்பாரத்துச் சோளத்தை இரண்டு லாரியில் ஏற்றி வந்து, ஒன்றுக்கு மட்டும் உயர்ந்த ரகம் என்று பெயர் சூட்டிக் கூடுதல் விலை கேட்பார்கள். உமாதேவி இரண்டிலும் ஒவ்வொரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதிவிட்டு, மூக்கருகே கொண்டுபோவாள். ரெண்டும் ஒரே அம்பாரங்க, வேற கதை சொல்லுங்க என்று சொல்லிவிட்டு அடுத்த லாரிக்குப் போய்விடுவாள். அவளோடு வாதாடி ஜெயித்தவர் இதுவரை யாருமில்லை.

இப்பேர்ப்பட்ட நாக்குக்கும் மூக்குக்கும் சொந்தக்காரிக்கு, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தன் வீட்டுக் கூடத்திலேயே உட்கார ஒரு நாற்காலி கிடையாது. அன்று அங்கே ஜோளா சங்கம் கூடும்.

சங்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உமாதேவியின் புருஷன் சந்திரன், மார்டள்ளிக்காரன், ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பான், குரல் உயர்த்திப் பேச மாட்டான், மாமியார் ஊரான ராமாபுரத்தில் அவனைப் பற்றி ஒரு குறையும் கிடையாது. கிறுக்கு என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். பர்பன். அதை விவரம் தெரியாமல் விஸ்கி என்று சொல்லிவிட்டால் போச்சு, கையிலிருக்கும் காபியைக் கீழே வைத்துவிட்டு வகுப்பெடுக்க ஆரம்பித்துவிடுவான். அமெரிக்காவில் காய்ச்சியிருக்க வேண்டும், பாதிக்கு மேல் மக்காச்சோளமாக இருக்க வேண்டும், உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் மரப் பீப்பாயில் ஊறியிருக்க வேண்டும், அப்போதுதான் அது பர்பன். இவ்வளவையும் கேட்டுவிட்டுத் தப்பித்தவர்கள் உண்டு, பாதியில் தப்பித்தவர்கள் இல்லை.

சந்திரனைப் போலவே இன்னும் மூன்று கிறுக்கர்கள். மண்டி மொகல்லாவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ரத்தினவேல், ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற முரளிதரன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மனோஜ்குமார். நாலு பேரும் குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றிக் காலை நடை போன இடத்தில் சிநேகமானவர்கள். நடை ஒரே மாதத்தில் நின்றுபோயிற்று, சிநேகம் நிற்கவில்லை. வாட்ஸாப்பில் ஒரு குழு ஆரம்பித்து, வீட்டில் சந்தேகம் வரக்கூடாதென்று மக்காச்சோளக் கதிர் படம் போட்டு, சோளத்தைக் கன்னடத்தில் சொல்கிறபடி ஜோளா சங்கம் என்று பெயரும் வைத்தார்கள். ரத்தினவேலின் மச்சான் ஒருவர் அதை விவசாயிகள் குழு என்று நம்பி, தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி, குவிண்டால் என்ன விலை போகிறது என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சங்கத்துக்கென்று பங்கு போட்டு வாங்கிய ஐந்து புட்டிகள் உண்டு. ஆங்கிலப் பெயர்கள் யார் வாயிலும் நுழையாததால், இவர்களே பெயர் வைத்துவிட்டார்கள். வெள்ளை லேபிள் ஒட்டியது வெள்ளை, அதுதான் இருப்பதிலேயே மலிவு. லேபிளில் எருமை நிற்பது எருமை. விலையில் அதற்கு மேலே வான்கோழி. அதற்கும் மேலே, கழுத்தில் சிவப்பு மெழுகு வழியும் மெழுகு. எல்லாவற்றுக்கும் மேலே, விலையில் வெள்ளையைப் போல ஆறு மடங்கு, மூடியின் உச்சியில் குட்டி வெண்கலக் குதிரை ஒன்று பாய்ந்துகொண்டிருக்கும் குதிரை. போன வருஷம் மனோஜ்குமார் வேலையாக இரண்டு மாதம் அமெரிக்கா போனபோது, சங்கத்துப் பணத்தில், கைக்குழந்தையைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்தது அது.

முதல் ஞாயிறு மத்தியானம் நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் ஊற்றி, முகர்ந்து, கண்ணை மூடி, நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, ஒரு நோட்டில் எழுதுவார்கள். மனோஜ்குமார் தன் பிள்ளையின் சொட்டு மருந்துக் குழாயால் ஒவ்வொரு துளியாகத் தண்ணீர் விடுவான், ஒரு துளி கூடினால் முரளிதரன் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். வெள்ளைக்கு ஒருபோதும் அறுபது தாண்டியதில்லை. குதிரைக்குத் தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கியதில்லை. சென்ற ஆடியில் முரளிதரன் குதிரைக்குத் தொண்ணூற்றாறு போட்டு, நாலு பக்கத்துக்கு அதன் பெருமையை எழுதிவைத்தார்.

மற்ற நாலு புட்டியும் சந்திரன் வீட்டிலேயே இருக்கும். குதிரைக்கு மட்டும் தனி ஏற்பாடு. அதை ஒரே ஆளிடம் விட்டுவைக்க யாருக்கும் மனசு வரவில்லை. ஆகவே உற்சவர் வீதியுலா போவது போல, ஒவ்வொரு மாதமும் ஒவ்வொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் துண்டு சுற்றி வைத்து, கூட்டம் முடிந்ததும் முறைக்காரர் எடுத்துப் போவார். ரத்தினவேல் கடையில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால், முரளிதரன் வீட்டில் பரண்மேல் டிரங்குப் பெட்டிக்குள், மனோஜ்குமாரிடம் ஹெல்மெட் வைக்கும் அலமாரியில், சந்திரன் வீட்டில் உமாதேவியின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் என்று குதிரை ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது.

உமாதேவி அந்த ஞாயிறுகளில் சமையல்கட்டில் இருப்பாள். பொரியும் வறுத்த கடலையும் கொண்டுபோய் வைப்பாள். நாலு வருஷமாக அங்கிருந்தே எல்லாவற்றையும் கேட்டுக்கேட்டு அவளுக்குக் காது பழுத்துவிட்டது. அதைவிட மூக்கு. கூடத்திலிருந்து வரும் வாசனை அவளுக்கு அந்நியமே இல்லை. சோளம்தானே. வறுத்த சோளம், ஊறின சோளம், கருகின மரம், பாகு. இவர்களோ வெனிலா என்பார்கள், பழைய தோல் நாற்காலி என்பார்கள், செர்ரி என்பார்கள். முரளிதரன் தன் ஆயுளில் உட்கார்ந்ததெல்லாம் ரயில்வேயின் பிரம்பு நாற்காலியில். உமாதேவிக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். எதிரே லாரி நிற்கிறது, கையில் குத்தூசி இல்லை என்றால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும் அவளுக்கு.

அக்டோபர் கூட்டத்தில் அவளால் வாயை அடக்க முடியவில்லை. முரளிதரன் எருமையை முகர்ந்துவிட்டு, வெனிலாவோடு கொஞ்சம் புகையிலை என்று அறிவித்தார். உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"வெனிலா இல்லீங்க சார். வெல்லப்பாகு அடிப்பிடிச்ச வாசமுங்க அது."

நாலு பேரும் டம்ளரை மறுபடி முகர்ந்தார்கள். அடிப்பிடித்த வெல்லப்பாகேதான். அதற்கப்புறம் எவ்வளவு முகர்ந்தாலும் வேறொன்றும் வரமாட்டேன் என்றது. ரத்தினவேல் சிரித்துக்கொண்டே, சமையல்கட்டிலிருந்து மார்க் போடக்கூடாது தங்கச்சி, நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்தான் போடலாம் என்றார். உமாதேவி கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"அப்ப ஒரு நாற்காலி போடுங்கண்ணா."

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று நாலு பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சந்திரனுக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் மணியைக் கடித்து ஈரம் சொல்வதையும் மெஷின் அதற்கு ஆமாம் போடுவதையும் நாலாவது தடவையாக அவர்களுக்குச் சொன்னான். ரத்தினவேல் வியாபாரி, எதையும் சும்மா கொடுத்துப் பழக்கமில்லை. அடுத்த மாதம் ஐந்தையும் மறைத்து ஊற்றி வைப்பது, அவள் ருசி பார்த்து விலை வரிசைப்படி அடுக்க வேண்டும், சரியாக அடுக்கினால் ஐந்தாவது நாற்காலி, தப்பினால் இனிமேல் சமையல்கட்டிலிருந்து சத்தமே வரக்கூடாது என்று பேச்சு முடிந்தது. அந்த மாதம் குதிரை சந்திரன் முறை. தாம்பூலப் பை புடவைகளுக்கு அடியில் போயிற்று.

அந்த ஒரு மாதம் உமாதேவி தரையில் நடக்கவில்லை. அறுவடை முடிந்து ஹனூர்ப் பக்கத்துச் சோளம் வந்து குவிகிற நேரம், ஒரு நாளைக்கு நாற்பது லாரி. பாடிக்கொண்டே குத்தூசி போட்டாள். நாக்கு மழுங்கிவிடுமென்று மிளகாயை விட்டாள், ஊறுகாயை விட்டாள், சாம்பாரில் பாதிப் புளிதான். விஷயம் கேள்விப்பட்ட பாப்பம்மாள், தொழிற்சாலை வாசலைப் பெருக்குகிறவள், துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, நீயுமா குடிக்கப்போறே என்று கேட்டாள். குடிக்கலக்கா, மார்க் போடப்போறேன் என்றாள் உமாதேவி. நாற்பத்தாறு வயதில் பள்ளிக்கூடப் பரீட்சை எழுதப்போகிறவளைப் போல அவளுக்குப் பயமாகவும் இருந்தது. நன்றாகவும் இருந்தது.

சந்திரன்தான் நாளாக ஆக ஒருமாதிரி ஆனான். முதல் நாள் இருந்த பெருமை எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஐந்து எதற்கு, நாலு போதாதா என்று அவளிடம் கேட்டான். குதிரை ரொம்ப உசந்த சரக்கு, பழக்கமில்லாத நாக்குக்குப் பிடிபடாது என்றான். பெண்டாட்டி தோற்றுவிடுவாளென்று புருஷன் பயப்படுகிறான் என்று நினைத்து, அவள் சமாதானம் சொன்னாள். கடைசியில் அவன் சங்கத்துக் குழுவிலேயே எழுதிப் பார்த்தான், குதிரையை விட்டுவிடலாமே என்று. ஒரே நிமிஷத்தில் மூன்று பதில் வந்து விழுந்தது. குதிரை இல்லாமல் என்ன பரீட்சை என்று மூன்று பேரும் ஒரே குரலில் கேட்டிருந்தார்கள். ரத்தினவேலின் மச்சான் மட்டும், குதிரை என்ன விலை என்று கேட்டிருந்தார்.

நவம்பர் முதல் ஞாயிறு, மத்தியானம் மூன்று மணி. கூடத்து மேஜையில் பழைய செய்தித்தாள் விரித்து, ஒரே மாதிரி ஐந்து எவர்சில்வர் டம்ளர்கள். மனோஜ்குமார் கதவைச் சாத்திக்கொண்டு ஊற்றினான். உமாதேவியின் மகள் அனுப்ரியா பெங்களூர் ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுப்போன ஸ்டிக்கர் பொட்டுகளை ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்று டம்ளர்களில் ஒட்டினான். எதில் எது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். உமாதேவி குளித்து, பூ வைத்து, ஆயுத பூஜைக்குக் கட்டிய மாம்பழக் கலர் புடவையில் வந்து நின்றாள். மேஜையைச் சுற்றி நாற்காலிகள் நாலுதான் இருந்தன, ஆகவே நின்றாள்.

அவள் குடிக்கவில்லை. இரண்டு பொட்டு டம்ளரில் விரலை நனைத்து, உள்ளங்கையில் விட்டு, இரண்டு கையையும் வைத்துச் சூடுபறக்கத் தேய்த்தாள். ஊதினாள். முகர்ந்தாள். அப்புறம்தான் ஒரு வாய் எடுத்து, கடைவாயில் சுழற்றி, பக்கத்தில் வைத்திருந்த செம்பில் துப்பினாள். அதன் விலை என்ன தெரியுமா என்பது போல முரளிதரன் செம்பையே பார்த்தார்.

இரண்டு பொட்டை நகர்த்தி, இதுதான் அந்த வெல்லப்பாகு என்று வைத்தாள். நாலு பொட்டில் சோளத்துக்கு நடுவே வேறொரு தானியம் மிளகு மாதிரி சுள்ளென்கிறது, அது என்ன தானியமென்று தெரியாது, நம்ம பக்கம் விளைகிறதில்லை என்றாள். அதை எருமைக்கு மேலே வைத்தாள். மூன்று பொட்டை உறிஞ்சியதும் அவள் முகம் மலர்ந்தது.

"இதுல கோதுமை போட்டிருக்காங்க."

அதை மற்ற இரண்டுக்கும் மேலே வைத்தாள். மனோஜ்குமார் போனை எடுத்துத் தேடினான். மெழுகில் மற்றதைப் போலக் காரமான தானியம் இல்லை, கோதுமைதான் என்று போட்டிருந்தது. அவன் வாய் திறந்தபடி இருந்தது. நாலு வருஷமாக அந்தப் புட்டிக்கு மார்க் போட்ட நாலு பேருக்கும் அது தெரியாது. ரத்தினவேல் பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே எழுந்து, ஓரமாக மடக்கி வைத்திருந்த நாற்காலியை விரித்துத் துடைத்தே விட்டார். உமாதேவிக்கு உடம்பெல்லாம் சிரித்தது. இன்னும் இரண்டே டம்ளர். எது மலிவு, எது உசத்தி என்று மட்டும் சொன்னால் போதும்.

ஒரு பொட்டு. தேய்த்தாள், முகர்ந்தாள், சுழற்றித் துப்பினாள். இளஞ்சோளம், மரம் இன்னும் சேரவில்லை. ஐந்து பொட்டு. தேய்த்தாள், முகர்ந்தாள். கை அப்படியே நின்றது. பொரியை மென்று வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி ஒரு பொட்டுக்குப் போனாள். மறுபடி ஐந்து பொட்டு. மூன்றாவது தடவையும் அதே ருசி வந்தது. நாக்கு செத்துவிட்டதோ என்று அவளுக்கு ஒரு நிமிஷம் உண்மையாகவே பயமாக இருந்தது. ஏதாவது ஒன்றை மேலே வைத்துவிடலாம், பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது, நாற்காலியும் விரித்துத் தயாராக இருக்கிறது. ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரி ஒரு தடவைகூட அவள் வாசலில் சொன்னதில்லை.

"ஒரு பொட்டும் அஞ்சு பொட்டும் ஒரே அம்பாரங்க. ரெண்டுமே மலிவுச் சரக்கு."

மனோஜ்குமார் சீட்டை எடுத்துப் பார்த்தான். உள்ளே வைத்தான். மறுபடி எடுத்துப் பார்த்தான். "ஆகல்ல, அப்படி இருக்காது அக்கா. ஒண்ணு வெள்ளை, அஞ்சு குதிரை. என் கையாலதான் ஊத்தினேன்."

அப்புறம் நடந்ததுதான் உமாதேவிக்கு விளங்கவில்லை. யாரும் கேலி செய்யவில்லை. மூன்று பேரும் போட்டி போட்டுக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள். மூன்று சரியாகச் சொன்னதே பெரிது என்றார் ரத்தினவேல். குதிரை நுணுக்கமான சரக்கு, முதல் தடவையே அகப்படாது என்று முரளிதரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மனோஜ்குமார் அவசர அவசரமாக ஐந்து பொட்டு டம்ளரை எடுத்துக் கழுவப் போனான். தோற்றதுகூட அவளுக்கு உறைக்கவில்லை, இந்த ஆறுதல்தான் உறைத்தது. கோபம் சுர்ரென்று ஏறியது. டம்ளரை வைக்கச் சொல்லிவிட்டு, சாட்சிக்குப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

சந்திரன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது ஓடவே இல்லை. இருபத்துநாலு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த முகம் போதும். நாலு போதாதா என்று அவன் கெஞ்சியது, புடவைகளுக்கு நடுவே அடிக்கடி என்னத்தையோ தேடியது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. குதிரைப் புட்டிக்குள் இருப்பது குதிரை இல்லை. வேலையைக் காட்டியது இந்த மனுஷன்தான்.

அவளுக்கு முதலில் வந்தது சிரிப்பு. உடனே அழுகையும் வந்தது. இதைச் சொன்னால் அவள் நாக்கின் பேர் நிற்கும், நாற்காலி கிடைக்கும், புருஷன் இந்த மூன்று பேர் முகத்தில் இனி விழிக்க முடியாது. அவனுக்கு உலகத்தில் இருக்கும் ஒரே சந்தோஷம் இந்த ஞாயிற்றுக்கிழமை. சொல்லாவிட்டால், கோதுமையைக் கண்டுபிடித்தவள் கடைசியில் கோட்டை விட்டாள் என்று காலத்துக்கும் நிற்கும். நாற்காலியை ஒரு தடவை பார்த்தாள். துடைத்து வைத்த ஈரம் இன்னும் காயவில்லை. நெஞ்சு வலித்தாலும் அவள் மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

"சரிங்க," என்றாள். "எந்நாக்குதான் தப்பி..."

"தப்பலை," என்றான் சந்திரன்.

அவன் மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கி நேராக அவளையே பார்த்துப் பேசினான். மற்றவர்கள் அங்கே இல்லாதது போல இருந்தது.

"அவ நாக்கு இன்னிக்கு வரைக்கும் தப்பினதில்லை. நான்தான் ஒரு மூடி குடிச்சேன். குறைஞ்சது தெரியக்கூடாதுன்னு வெள்ளையில இருந்து ஒரு மூடி எடுத்து ஊத்தி வெச்சேன். அப்புறம் ஒரு மூடியில நிக்கல. என்னை எடுத்துடுங்க, அவளை உக்கார வையுங்க."

ரத்தினவேல் விரித்த நாற்காலியில் தானே பொத்தென்று உட்கார்ந்தார். தலையைத் தடவினார். தொண்டையைச் செருமினார்.

"சந்திரா, உன் கைக்கு வந்தப்ப அதுல குதிரை எங்கப்பா இருந்துச்சு? உனக்கு முந்தின மாசம் என் முறை."

பெயின்ட் டப்பா மூடியால் அளந்து குடித்து, தனியாக வாங்கி வைத்த வெள்ளையை அதே மூடியால் ஊற்றியிருக்கிறார் மனுஷன். தன்னால்தான் சங்கமே பாழாயிற்று என்று ஒரு வருஷமாகத் தூக்கமில்லாமல் இருந்தாராம். அவர் முடிப்பதற்குள் முரளிதரன் எழுந்து நின்றுவிட்டார், மேலதிகாரி வந்தால் நிற்பாரே அப்படி. அவருக்கும் முந்தின மாதம் இவர் முறை. மட்டம் தெரிய வேண்டுமென்று மனைவியின் கண்மையால் புட்டியில் கோடு போட்டு வைத்து, குடித்துவிட்டுக் கோடு வரைக்கும் கணக்காக நிரப்பியிருக்கிறார். ஆடியில் எழுதிய நாலு பக்கமும் பரண்மேல் உட்கார்ந்து, தான் ஊற்றிய வெள்ளையைத் தானே குடித்துப் பார்த்து எழுதியதுதான். எழுதும்போது நிஜமாகவே அவ்வளவு நன்றாக இருந்தது என்றார், பரிதாபமாக.

எல்லோரும் மனோஜ்குமாரைப் பார்த்தார்கள். கொண்டுவந்த பையன், சின்னவன், அவனாவது யோக்கியனாக இருப்பான் என்று நம்பிய மூன்று ஜோடிக் கண்கள். அவன் சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்துக்கொண்டிருந்தான். ஊருக்கு வந்த வாரமே அவனுடைய மேனேஜர் வீட்டுக்கு வந்திருக்கிறார். சம்பள உயர்வு நேரம். மரியாதைக்கு ஒன்று ஊற்ற, அவர் உட்கார்ந்து முக்கால் புட்டியை முடித்துவிட்டுப் போயிருக்கிறார். சங்கத்துக்கு முகம் காட்ட வழியில்லாமல் பையன் கடைக்கு ஓடி, வெள்ளை வாங்கி வந்து நிரப்பியிருக்கிறான்.

"உயர்வும் வரலை," என்றான் மெல்லிய குரலில்.

ஆக, முதல் நாளிலிருந்தே ஜோளா சங்கம் கலப்பில்லாத குதிரையைக் குடித்ததே இல்லை. மாதா மாதம் நாலு ஸ்பூன் ஊற்றியும் புட்டி ஏன் குறையவே இல்லை என்று பதினாறு மாதமாக ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் தான்தான் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டோமென்று நினைத்துக் கம்மென்று இருந்திருக்கிறார்கள். குதிரையை விட்டுவிடலாம் என்று சந்திரன் எழுதிய அன்று, தயங்கினால் சந்தேகம் வருமென்று மூன்று திருடர்களும் முந்திக்கொண்டு மறுத்திருக்கிறார்கள்.

யார் முதலில் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. உமாதேவி என்றுதான் நான் நினைக்கிறேன். முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரத்தினவேல் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. முரளிதரன் நோட்டை எடுத்து, தான் எழுதிய நாலு பக்கத்தை உரக்கப் படித்தார். "நாக்கில் பட்டதும் ஒரு ராஜ கம்பீரம், வெள்ளையைக் குடித்த நாக்குக்கு இது எட்டாது" என்ற இடத்துக்கு வந்தபோது அவருக்கே மூச்சு முட்டியது. மனோஜ்குமார் தரையில் படுத்துவிட்டான். மாடியிலிருந்து வீட்டுக்கார தேவம்மா எட்டிப் பார்த்து, என்ன விசேஷம் என்று கன்னடத்தில் கேட்டாள். பரீட்சை ரிசல்ட் என்று சந்திரன் பதில் சொன்னான். சொல்லும்போது அவன் கண்ணில் தண்ணீர் நின்றது, அவளும் அதைப் பார்த்தாள். நாற்காலி கிடைக்காவிட்டாலும் இந்த ஜென்மத்துக்கு அது போதுமென்று அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தோன்றியது.

ஆனால் நாற்காலி கிடைத்தது. ரத்தினவேல் எழுந்து, மறுபடி ஒருமுறை துடைத்து, மேஜைக்கு நடுவில் கொண்டுவந்து போட்டார். வரிசையை அவள் முழுசாக அடுக்கவில்லையே என்று முரளிதரன் பழக்கதோஷத்தில் விதியைப் பேச ஆரம்பித்தார். இல்லாத சரக்கை எங்கிருந்து அடுக்குவது என்று மூன்று பேர் அவரை அடக்கினார்கள். உமாதேவி புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கூடம் இங்கிருந்து பார்க்க வேறு மாதிரி இருந்தது.

மனோஜ்குமார் தரையிலிருந்து எழுந்து, நோட்டில் புதுப் பக்கம் புரட்டி, உறுப்பினர் பெயர்கள் எழுத ஆரம்பித்தான். சந்திரன், ரத்தினவேல், முரளிதரன், மனோஜ்குமார். ஐந்தாவது வரியில் பேனா நின்றது. தலையை நிமிர்த்தாமல் கேட்டான்.

"அக்கா, உங்க பேரு?"

நாலு வருஷமாக அவள் கைப் பொரியும் கடலையும் தின்றவர்கள். ரத்தினவேல் முரளிதரனைப் பார்த்தார், முரளிதரன் ரத்தினவேலைப் பார்த்தார். தங்கச்சி என்று ஒருவர், அனு அம்மா என்று ஒருவர், அக்கா என்று ஒருவன். மூன்று பேருக்குமே தெரிந்திருக்கவில்லை. சந்திரன் சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

"உமாதேவி," என்றாள். "மார்க்கையும் எழுதிக்கோ தம்பி. ஒரு பொட்டுக்கு அறுபத்திரண்டு. அஞ்சு பொட்டுக்கும் அறுபத்திரண்டு."